எண்ணூற்றுப் பன்னிரண்டாவது வரி

அப்பா வாயைத் திறந்தால் நாலு சொல்லுக்கு மேல் வராது. நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் ஓடுகிற இருட்டுக் குழியின் அடியில் நின்றுகொண்டு, ஒன்பதாம் மாடியில் இருக்கும் ஆளுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். நீளமாகக் கத்தினால் பாதி வழியிலேயே பேச்சு கலைந்துவிடும். "மேலே." "நில்லு." "கைய எடு." இவ்வளவுதான் போய்ச் சேரும். மனிதர் ஓய்வு பெற்றார், பழக்கம் ஓய்வு பெறவில்லை.

அந்தப் பழக்கம்தான் அவருடைய சின்ன மகளுக்குப் பிழைப்புக் கொடுத்தது. இதைச் சொன்னால் அவர் நம்ப மாட்டார். அவள் சொன்னதும் இல்லை.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். வேலை, பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது. கேட்பதற்கு லேசான வேலை மாதிரித் தோன்றும். எழுதிப் பார்த்தால் தெரியும். ஒரு வரி திரையில் நிற்பது இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று. அதற்குள் வாசிக்கிறவர் வாசித்து, புரிந்துகொண்டு, நடிகரின் முகத்தையும் பார்த்தாக வேண்டும். நம் மொழியோ வாலை நீட்டிக்கொண்டே போகும். "தயவுசெய்து என்னை மன்னித்துவிடுங்கள்" என்று எழுதினால், வாசிக்கிறவர் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் அங்கே மன்னித்து, காப்பி குடித்து, கிளம்பிப் போயிருப்பார்கள்.

அப்படி எங்கேயாவது சிக்கிக்கொண்டால் சின்னவளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அப்பா இதை எப்படிச் சொல்வார் என்று யோசிப்பாள். வரி தானாக வந்து விழும். போலீஸ் படத்தில் ஒன்று, பேய்ப் படத்தில் இரண்டு என்று அவ்வப்போது அப்பாவைக் கொஞ்சம் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த ஸ்வீடன் படம் வந்தபோதுதான் கிள்ளிப் போட்ட கை அள்ளிப் போட்டுவிட்டது.

அறுபது வருடத்துக்கு முந்தின கறுப்பு வெள்ளைப் படம். மர அறுவை ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பையன், ஒரு பெண். பனி கொட்டி மூன்று நாள் சாலை அடைத்துக்கொள்கிறது. நாலு பேரும் வீட்டுக்குள்ளேயே கிடந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். கதை அவ்வளவுதான். அந்த அப்பா அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று தைக்கும். வசனத்தை ஆங்கிலத்தில் தட்டெழுதிய கட்டு ஒன்று படத்தோடு வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு சின்னவள் மூன்று வாரம் எழுதினாள். ஆயிரத்து நூற்று நாற்பது வரி. அதில் அந்த அப்பா பேசுகிற வரிகள் எல்லாமே அவளுடைய அப்பாவின் வாயிலிருந்து எடுத்தவை. பாதி வேலைக்கு மேல் அவளுக்கே தெரியும், இது மொழிபெயர்ப்பு இல்லை, வீட்டுக் கதை என்று. எழுதும்போது பழி தீர்க்கிற மாதிரி ஒரு சுகம் இருந்தது. அதை மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் கூடத்தில் திரைப்படச் சங்கம் அந்தப் படத்தைப் போட ஏற்பாடு. எண்பது நாற்காலி, அறுபது பேர் வந்திருந்தார்கள். சங்கத்துச் செயலாளர் பல் டாக்டர். யார் வந்து வணக்கம் சொன்னாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். பழைய பிரதி என்பதால் படத்தின் மேல் எழுத்தைப் பதிக்க முடியாது. திரைக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டை கட்டி, தனிக் கருவியால் அதன் மேல் தமிழ் வரிகளைப் போட வேண்டும். சின்னவள் கடைசி வரிசைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்து, நடிகர் வாயைத் திறக்கிற நொடியில் விசையை அழுத்துவாள். ஓர் அழுத்துக்கு ஒரு வரி. பதினோரு தடவை பார்த்த படம் என்பதால் ஸ்வீடன் மொழி தெரியாவிட்டாலும் எந்த முனகலுக்கு எந்த வரி என்று காதுக்குப் பாடம்.

விளக்கை அணைக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. அம்மா வந்தாள். அம்மாவுக்குப் பின்னால், கதவின் கீல் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பா வந்தார்.

சின்னவள் மடிக்கணினிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நிரந்தர வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "படத்துக்கு அடியில எழுதறதா?" என்றார் அப்பா. பேச்சு வளர்ந்தது. சம்மதம் இல்லையென்றால் வெளியே போய் இருந்துகொள்கிறேன் என்று இவளும் வாயை விட்டாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போறவ கதவச் சாத்திட்டுப் போ" என்றார். அவளும் சாத்திவிட்டுத்தான் போனாள். ஏழு வருடம் அந்த வீட்டுப் படியேறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கண்ணில் புரை அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரியில் அவரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு வீட்டுக்குப் போய்வருகிறாள். போனால் "வந்தியா", கிளம்பினால் "பாத்துப் போ". அந்த நாளைப் பற்றி அவரும் பேசியதில்லை, இவளும் பேசியதில்லை. ஆறிய புண்ணை யாரும் சொறிந்து பார்ப்பதில்லை. அவளுடைய வேலையைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனாலும் அந்த "வந்தியா"வுக்காக அவள் இரண்டு பஸ் மாறிப் போவாள்.

படத்தில் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அப்பா ஒன்று சொல்கிறார். ஆங்கிலத் தட்டெழுத்தில் அது "அப்படியானால் நீ போகலாம்" என்று இருந்தது, மேனேஜர் அரை நாள் விடுப்புக் கொடுக்கிற மாதிரி. நடிகர் முகத்தில் அந்த மரியாதை எதுவும் இல்லை. சின்னவள் அங்கே என்ன எழுதியிருந்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அது எண்ணூற்றுப் பன்னிரண்டாவது வரி.

விளக்கு அணைந்தது. அப்பாவும் அம்மாவும் ஐந்தாவது வரிசை ஓரத்தில். இங்கிருந்து பார்த்தால் அப்பாவின் பின்மண்டையும் இரண்டு காதும் தெரிந்தன.

முதல் சிரிப்பு எட்டாவது நிமிடத்தில் வந்தது. திரையில் அந்த அம்மா சூப்பை எடுத்துவந்து வைக்கிறாள். அப்பா ஒரு வாய் குடிக்கிறார். அடியில் வரி: "உப்பு இருக்கு. சூப்பு எங்க?" கூடம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த ரிட்டயர்டு டீச்சர் பக்கத்தில் இருந்த இன்னொரு ரிட்டயர்டு டீச்சரின் தொடையில் தட்டினாள். ஐந்தாவது வரிசையில் அம்மாவின் தலை மெதுவாகப் பின்னால் திரும்பியது. இருட்டிலும் சின்னவளுக்கு அந்தப் பார்வை தெரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பார்வை.

அப்பாவின் மண்டை அசையவில்லை.

பையன் அழுதால், "நான் செத்தா அழு. இப்ப சாப்பிடு." மனைவி என்ன கோபம் என்று கேட்டால், "கோவம் வரல. வந்தா சொல்றேன்." ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. "எங்க மாமனாரேதான்!" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் இவ்வளவு சிரிப்புக்குச் சின்னவள் காற்றில் மிதந்திருப்பாள். சப்டைட்டில் எழுதுகிறவளுக்குக் கைதட்டல் கிடைப்பது அமாவாசையில் நிலா பார்க்கிற கதை. இன்றைக்கோ ஒவ்வொரு சிரிப்பும் அவள் பிடரியில் விழுந்தது. அப்பாவை அறுபது பேர் நடுவில் உட்காரவைத்து அவரைக் காட்டியே சிரிக்கவைக்கிறாள். தெரிந்து செய்தாள் என்றுதான் நினைப்பார். தெரிந்துதானே செய்தாள்?

இடைவேளையில் எல்லோரும் டீக்குப் போனார்கள். சின்னவள் ஒயரைச் சரிபார்க்கிற பாவனையில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள். அம்மாவின் செருப்பு வந்து பக்கத்தில் நின்றது.

"வெளிய வாடி. ஒயர் ஒண்ணும் ஓடிப்போயிடாது."

"சொல்லாம கொள்ளாம ஏம்மா கூட்டிட்டு வந்த?"

"உன் வேலைய ஒரு தடவை கண்ணால பாக்கட்டும்னு இழுத்துட்டு வந்தேன். நீ இப்படி அவரையே தூக்கிப் படத்துல வைப்பேன்னு கண்டேனா?"

"புரிஞ்சிடுச்சா அவருக்கு?"

"தெரியல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. ரெண்டு தரம்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எது?"

சின்னவள் கூடத்துக் கதவைக் கண்ணால் காட்டினாள். அம்மாவின் முகம் மாறியது.

"அதுவா? அடிப் பாவி. மாத்துடி. இப்பவே மாத்து. இப்பதான் நாலு பேச்சு பேசிக்கறீங்க, மறுபடி மொதல்லேர்ந்து என்னால ஆகாது."

அம்மா போனதும் சின்னவள் அந்த வரியைத் திறந்து அழித்தாள். அழிப்பது சுலபம். அந்த இடத்தில் என்ன போடுவது? "நீ என் மகளே இல்லை." நூறு படத்தில் நூறு அப்பாக்கள் சொன்னது, சிரிப்பார்கள். "உன் இஷ்டம்." ரொம்ப நல்ல மனுஷனாகிவிடுகிறார். மூன்றாவதாக ஒன்றைத் தட்ட ஆரம்பித்தபோது பல் டாக்டர் கையைத் தட்டி விளக்கை அணைத்துவிட்டார். படம் ஓட ஆரம்பித்தது, வரிகள் அடுத்தடுத்து வந்தன, விசையிலிருந்து விரலை எடுக்க நேரமில்லை. தட்டின அரைச் சொல்லை அழிக்கத்தான் முடிந்தது.

எண்ணூற்றுப் பன்னிரண்டாம் இடம் அப்படியே காலியாக நின்றது.

அந்தக் காட்சி வந்தது. பனி நின்றுவிட்டது. பெண் கையில் பெட்டியோடு நிற்கிறாள். அப்பா மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாய் திறந்து மூன்று சொல் சொன்னார். சின்னவள் விசையை அழுத்தினாள். வெள்ளைப் பட்டை வெறுமையாக இருந்தது.

அறுபது தலைகள் பட்டையைப் பார்த்தன. திரையைப் பார்த்தன. மறுபடி பட்டையைப் பார்த்தன. பல் டாக்டர் நாற்காலியிலேயே திரும்பினார்.

அப்போது ஐந்தாவது வரிசையிலிருந்து ஒரு குரல், ஒன்பதாம் மாடிக்குக் கேட்கிற குரல், வந்தது.

"போறவ கதவச் சாத்திட்டுப் போ."

திரையில் அந்தப் பெண் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாரோ மூச்சை இழுத்துவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னவளின் விரல் மட்டும் பழக்கத்தில் அடுத்த வரியை, அதற்கடுத்த வரியை அழுத்திக்கொண்டே போனது. எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது அவருக்கு. முதல் சூப்பிலிருந்தே தெரிந்திருக்கிறது. இனி எந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் "வந்தியா" கிடையாது என்று நினைத்துக்கொண்டாள்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பல் டாக்டர் நேராக அப்பாவிடம் போனார். "சார், உங்களுக்கு ஸ்வீடிஷ் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன எப்படி அவ்வளவு கரெக்டா..."

"அந்த மாதிரி ஆளத் தெரியும்" என்றார் அப்பா.

அந்தச் சங்கத்தில் படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். முன்பு அளவு வைக்காமல் விட்டிருந்தார்கள். தாடிக்கார விமர்சகர் ஒருவர் ஒரு தடவை நாற்பது நிமிடம் பேசியதற்குப் பிறகு வந்த சட்டம் இது. தாடிக்காரர் எழுந்து, வெளிச்சமும் நிழலும் சண்டை போடுவதாகச் சொல்லி உட்கார்ந்தார். ரிட்டயர்டு டீச்சர், "எங்க ஹெட்மாஸ்டர் உசிரோட எழுந்து வந்த மாதிரி இருந்துது" என்றாள். ஓர் இளம் ஜோடியில் மனைவி, "எங்க வீட்டுக்காரர் அம்பது வயசுல இப்படித்தான் ஆவாருன்னு தெரிஞ்சிபோச்சு" என்றாள். கணவன் சிரித்துச் சமாளித்தான். இன்னொருவர், அந்த அப்பன் மனிதனே இல்லை, கல் என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள்.

அப்பா கையைத் தூக்கினார்.

சின்னவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாக்கியம் சார்" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு ரெண்டு வேணும்."

சிரித்தார்கள். அப்பா எழுந்து நின்றார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "கதவு சாத்தினதோட விட்டுட்டாங்க. அப்புறம் அந்தாளு தாழ்ப்பாள் போட்டானான்னு காட்டவே இல்ல."

"போட்டிருப்பார்னு நினைக்கறீங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. "போட்டிருக்க மாட்டான்" என்றார். "கை வராது."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்காமலே அம்மா வாயைத் திறந்தாள்.

"பதினோரு நாள்" என்றாள். "தாழ்ப்பாள் போட விடல. திருடன் வருவான்னு நான் தலையால தண்ணி குடிச்சிப் பாத்தேன். கடைசில பூனைதான் வந்துது. பாலக் குடிச்சிட்டுப் போச்சு."

டீச்சர் குழம்பிப்போய், "படத்துல பூனை எங்க வந்துது?" என்று பக்கத்தில் கேட்டாள். "குறியீடா இருக்கும்" என்றார் தாடிக்காரர்.

வீட்டைவிட்டுப் போன சின்னவள் அந்தப் பதினோரு நாளும் மூன்று தெரு தள்ளித் தோழியின் அறையில் இருந்தாள். வீம்பாக, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தாள். ஒரு தடவை போய்த் தள்ளிப் பார்த்திருந்தால் கதவு திறந்திருக்கும். ஏழு வருடம் அவள் பூட்டின கதவை நினைத்துக்கொண்டே காலம் கழித்திருக்கிறாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வந்தது அழுகை இல்லை. நெஞ்சின் மேலிருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு அந்த நிம்மதி புதிதாக இருந்ததால் உடனே நம்பவும் முடியவில்லை.

ஆட்கள் கலைந்தார்கள். பல் டாக்டர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் தன் கடைவாய்ப் பல்லைக் காட்டிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒயரைச் சுற்றினாள். அப்பா மேஜைக்கு வந்தார்.

"காட்டு" என்றார்.

கணினியைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, வரிசையாக வாசித்துக்கொண்டே போனார். சில இடத்தில் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பா என்னவென்று சொல்ல முடியாது. காலி இடத்தில் வந்து நின்றார்.

"இத ஏன் எடுத்த?"

"நீங்க வந்திருந்தீங்கப்பா."

"அதனால?"

"கஷ்டமா இருக்கும்னு."

"கஷ்டமாத்தான் இருந்துது" என்றார். "சொன்ன அன்னிக்கே கஷ்டமாத்தான் இருந்துது." அவருக்கு அது நீளமான பேச்சு. "எடுத்துட்டா சொல்லலன்னு ஆயிடுமா? போடு."

"அப்பா..."

"வேற எங்கயும் ஓட்டுவாங்கல்ல? அங்க நான் இருக்க மாட்டேன். போடு."

சின்னவள் தட்டினாள். அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொத்தம் எத்தனை வரி?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது."

"எல்லாம் நீயேவா?"

"நானேதான்."

"ஓடும்போது ஒவ்வொண்ணா அமுக்கணுமா?"

"ஆமாம்ப்பா. கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் படம் கெட்டுப்போயிடும்."

அப்பா அவளுடைய வலது கையை எடுத்தார். கட்டைவிரலைத் திருப்பி, அடியில் காய்த்துப்போயிருந்த இடத்தைத் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். லிஃப்டின் கம்பிவடம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பழகின கை அது. அவர் தன் கையை அவள் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "வலிக்குமே" என்றார்.

ஒன்பது வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றிக் கேள்வியாக இல்லாமல் அவர் சொன்ன முதல் சொல்.

"வலிக்கும்பா" என்றாள். "படம் முடிஞ்சா வீங்கிடும்."

"விரல மாத்தி மாத்தி அமுக்கு."

"சரிப்பா" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பேசாமலே அழுதாள். அப்பா கையை விடவில்லை.